செத்த போர்டில் உயிருள்ள சாமான்கள்

பழைய சர்க்யூட் போர்டு ஒன்று கைக்கு வந்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளிதான்! காயலான் கடையில் எடைக்குப் போடுகிற அந்தப் பச்சைத் தகட்டில் எவ்வளவு செல்வம் இருக்கிறது தெரியுமா? போர்டு படுத்துவிட்டது என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு பாகங்கள்தான் போயிருக்கும். மற்றதெல்லாம் கல்லுக்குண்டாக இருக்கும்.

எரியாத சிஎஃப்எல் பல்பில் பல நேரம் குழாய்தான் போயிருக்கும். அடியிலுள்ள குட்டி போர்டில் நான்கு 1என்4007 டயோடுகள், இரண்டு 13003 வகை டிரான்சிஸ்டர்கள், ஒரு 400 வோல்ட் கெப்பாசிட்டர், ஒரு ஃபெரைட் வளையம்! குழாயை மட்டும் உடைத்துவிடாதீர்கள், உள்ளே பாதரசம். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் கிடைத்தால் கேட்கவே வேண்டாம்: ஷாட்கி டயோடு, ஹீட் சிங்க், செம்புச் சுருள், ஃபேன். ஸ்டெபிலைசரில் ரிலே, பிரிண்டரில் ஸ்டெப்பர் மோட்டார்.

கழற்றுவதே தனி சுகம். 63/37 ஈய சால்டர் 183 டிகிரியில் உருகிவிடும். ஈயமில்லாத சால்டருக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும், லேசில் மசியாது. அதன்மேல் கொஞ்சம் ஈய சால்டரை உருக்கிக் கலந்துவிட்டு சால்டர் உறிஞ்சும் பம்பை வைத்து இழுத்தால் ‘டப்’பென்று துளை சுத்தமாகும். அந்தச் சத்தத்துக்கு நான் அடிமை!

ரெசிஸ்டர் சில்லறைக் காசுக்கு ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். அதற்காக நான் மெனக்கெடுவதில்லை. டிரான்ஸ்பார்மர், ரிலே, பவர் டிரான்சிஸ்டர் இவைதான் குறி. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு டயோடு தேவைப்பட்டால் எந்தக் கடை திறந்திருக்கும்? என் டப்பா திறந்திருக்கும்! பழைய டேப் ரெக்கார்டரின் டிரான்ஸ்பார்மர், கழற்றிய டயோடுகள், ஒரு எல்எம்317 ஐசி. இவற்றை வைத்தே 1.25 வோல்ட்டிலிருந்து ஏற்றி இறக்கும் பவர் சப்ளை ஒன்று செய்தேன். என் மேஜையில் இன்றும் ஜோராக ஓடுகிறது.

எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். தலை உப்பியிருந்தால் தூக்கிப் போடுங்கள். உப்பாவிட்டாலும் உள்ளே காய்ந்திருக்கலாம், இஎஸ்ஆர் மீட்டரில் பார்த்த பிறகே டப்பாவில் சேருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மல்டிமீட்டரில் உறுதி செய்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். பழைய டிவியின் பிக்சர் டியூப் பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம். சால்டர் புகை வெளியேற ஜன்னலைத் திறந்து வைத்து வேலை பாருங்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

கழற்றக் கழற்ற எந்தப் பாகம் எதற்கு என்று பாடமும் தானாக ஏறும். பெரும்பாலான ஐசிகளுக்கு மேலே உள்ள எண்ணைப் பார்த்து டேட்டாஷீட்டைத் தேடினால் ஜாதகமே கிடைத்துவிடும். பரணில் கிடக்கும் அந்த டிவிடி பிளேயரை இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். வேண்டியதைக் கழற்றிய பின் மிச்சத் தகட்டை எரிக்காமல், மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.