படமெடுத்த பிடி

தஞ்சாவூர்க் கட்டாரி என்ற குத்துவாளைக் கையில் வாங்கியதும் அலகைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்களோடு எனக்குப் பேச்சு ஒட்டுவதில்லை. அலகு பல கட்டாரிகளில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. நீள வாளை வெட்டிக் குட்டையாக்கியதும் உண்டு. பார்க்க வேண்டியது பிடியை. பிடியிலும், பாம்பு படமெடுத்தாற்போலப் புறங்கையை மூடி நிற்கும் அந்தப் படத்தை.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் தஞ்சை அங்குசங்களின் முன்னால் நின்றுவிடுகிறார்கள். அவை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்குசத்தில் அலங்காரம் கொஞ்சம் அதிகமாகவே பேசும். கட்டாரியின் படம் அளந்து பேசும். பக்கவாட்டில் நின்று பாருங்கள். மெல்லிய இரும்புத் தகடு அலகின் அடியிலிருந்து எழுந்து, விரல் முட்டிகளைத் தாண்டி, மணிக்கட்டை நோக்கி வளைகிறது. கொடியும் யாளியுமாகத் துளைத்து, அரத்தால் இழைத்து, உளியால் புடைப்பித்திருப்பார்கள். துளைத்ததால் எடை குறைந்தது. விளிம்பைத் தடிமனாக விட்டதால் வெட்டுத் தாங்கும். அலகைப் பற்றும் ஆணிகளின் தலைகூடப் பூவாகிவிடும். எது வேலை, எது அலங்காரம் என்று பிரிக்க முடியாது. இந்த ஒன்றுக்காகத்தான் நான் தஞ்சைக் கட்சி.

வடக்கத்திக் கட்டாரிகளின் தங்க வேலையைச் சிலாகிக்கும் நண்பர்கள் உண்டு. இரும்பைக் கீறிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் தங்கக் கம்பியை அடித்து ஒட்டும் வேலை அது. கண்ணைப் பறிக்கும், தலைமுறை தலைமுறையாகத் துடைத்தால் தங்கம் தேய்ந்து கீறல் மட்டும் மிஞ்சும். தஞ்சைக் கொல்லன் இரும்பையே நம்பினான்.

இன்னொரு நண்பருக்குக் கேப்பு வைத்துச் சுட்ட காலத்து ரிவால்வர்கள்மேல் பித்து. கோல்ட் கம்பெனிக்குச் சித்திரம் செதுக்கிய குஸ்தாவ் யங் பெயரைச் சொன்னால் போதும், காபி ஆறிவிடும். யங்கின் இலைக்கொடிகளுக்கு நானும் தலைவணங்குவேன். ஆனால் அதே நண்பர் 1851 நேவி மாடலின் உருளையில் இருக்கும் கடற்போர்க் காட்சியையும் கொண்டாடுவதுதான் எனக்குப் புரியவில்லை. 1843 மே 16 அன்று டெக்ஸாஸ் கப்பல்கள் மெக்சிகோவோடு மோதிய காட்சி அது. ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞர் ஒரே ஒரு முறை அச்சில் செதுக்கினார், அந்த அச்சை உருட்டியே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் பதித்தார்கள். அந்தப் படம் இல்லாவிட்டாலும் குண்டு பாயும். கட்டாரியின் படத்தை எடுத்துவிட்டால் கை போய்விடும்.

நம்பாதவர்கள் ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக்குப் போகலாம். முன்னங்கால் தூக்கிய குதிரைகளை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். குதிரைக்குக் கீழே புலியோடு மல்லுக்கு நிற்கும் காலாட்களைப் பாருங்கள். கட்டாரிக் குத்து என்பது முஷ்டியை நேரே நீட்டும் குத்து. அலகு நுழையும் தூரத்தில்தான் பகைவனின் வாளும் புலியின் நகமும் இருக்கும். முதலில் அகப்படுவது புறங்கை.

மருங்காபுரிப் பக்கம் எங்கள் உறவுக்காரர் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஒரு கட்டாரியை வெளியே எடுப்பார்கள். பெரியப்பா தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி எடுப்பார், அவ்வளவுதான். புளியோடு யாராவது கிட்டே வந்தால் சத்தம் போடுவார். அவர் காலத்துக்குப் பின் அது ஒரு வியாபாரியிடம் போய், மோட்டார்ச் சக்கரத்தில் பாலீஷ் ஏறித் திரும்பக் கண்ணில் பட்டது. யாளிக்கு மூக்கும் இல்லை, முழியும் இல்லை. 'புத்தம் புதுசு மாதிரி இருக்கு பாருங்க' என்றார் வியாபாரி, பெருமையாக.

இன்று கடைகளில் கிடைப்பதில் பாதி வார்ப்பு. துளையின் உள்விளிம்பை விரலால் தடவினால் தெரிந்துவிடும்: அரம் போன வழி இருக்காது, மொழுமொழுவென்று இருக்கும். அதற்கும் 'நாயக்கர் காலம்' என்று ஒரு சீட்டு.

நாசம் இன்று தொடங்கியதல்ல. 1855-இல் தஞ்சை மராட்டிய அரசர் ஆண் வாரிசின்றி இறக்க, கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் ஆயுதசாலை கலைந்தது. பொறுக்கி எடுத்த கொஞ்சம் எழும்பூருக்குப் போயிற்று. மலைமலையாகக் கிடந்த மிச்சத்தைப் பழைய இரும்பாக உடைத்து விற்றார்கள். 1878-இல் வால்ஹவுஸ் என்ற சிவில் அதிகாரி அந்த ஆயுதசாலையைப் பற்றி எழுதிவைத்தார். 2004-இல் ராபர்ட் எல்குட் எழும்பூர்ச் சேகரிப்பைப் பெரிய புத்தகமாக்கினார். நம்மவர்கள் தமிழில் எழுதியது மிகச் சொற்பம்.

ரிவால்வர் நண்பர் கடைசியாக ஒரு துருப்பை இறக்குவார்: 'என் துப்பாக்கிக்குச் செதுக்கியவன் பெயர் இருக்கு. உன் கட்டாரிக்கு?' பெயர் இருக்கிறது, அலகில். ஐரோப்பியப் பட்டறையின் முத்திரை. பிடி செய்தவன் எங்கும் கையெழுத்திடவில்லை. அந்த முத்திரையைக் காட்டித்தான் வியாபாரிகள் விலையை ஏற்றுகிறார்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். ஆனால் கொடுப்பது பிடிக்காக இருக்கட்டும்.