‘தேஷ்’ என்னும் ஆடலும் தந்தைமையும்

ஆண்மையாவது தோள்வலியும் உரத்த குரலுமே எனக் கருதுவார் பலர். தந்தையர்பால் மைந்தர் பெறும் வழியுரிமைகளுள் இக்கருத்தும் ஒன்று. நிற்கும் நிலையிலும் நடையிலும் இஃது உடல்வழியே இறங்குவதாகலின், உடலையே கருவியாகவுடைய ஆடற்கலை இதனை ஆராய்தற்கு மிக ஏற்றதாம். அவ்வாராய்ச்சியை மேற்கொண்டது, அக்ரம்கான் 2011-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் அரங்கேற்றிய ‘தேஷ்’ என்னும் தனியாடல். வங்கமொழியில் அச்சொற்குத் தாயகம் என்பது பொருள்.

அக்ரம்கான் 1974-இல் இலண்டனிற் பிறந்தவர். பெற்றோர் வங்காளதேசத்தினின்றும் போந்தவர். இளமையிற் பிரதாப் பவாரிடம் கதக் பயின்றார். இவ்வாடலில் தந்தையும் மைந்தனும் அவர் ஒருவரே.

மழித்த தலையின் உச்சியிற் கண்ணும் வாயும் மையால் எழுதித் தலையைக் கவிழ்க்கின்றார்; கவிழ்த்த அளவில், சமையற்றொழில் செய்யும் தந்தை அவையோர்முன் நிற்கின்றார். இதனை வெறும் வேடிக்கை என்று நகைத்துக் கழிப்பார் பிழைபட்டாராவர். தந்தை தோன்றவேண்டின் மைந்தன் முகம் மறைதல் வேண்டும். மைந்தன் நிமிரின் தந்தை மறைவர். இருவரும் ஒருங்கே முகங்காட்டுதல் இயலாது. நிமிர்ந்த மார்பிற் காணாத ஆண்மையைத் தாழ்ந்த தலையிற் காட்டியதே இவ்வாடலின் மாட்சி. ஆயினும் அம்முகத்தை எழுதியது மைந்தன் கையே. ஆகவே தோன்றுபவர் தந்தையோ, மைந்தன் கருதிய தந்தையோ என்னும் ஐயம் நீங்குவதில்லை. அவ்வையத்தை மறையாது விட்டமை நேர்மையாம்.

1987 நவம்பர் 10-இல் டாக்கா நகரில், மக்களாட்சி வேண்டும் முழக்கத்தை மார்பிலும் முதுகிலும் தீட்டிக்கொண்டு சென்று சுடப்பட்டிறந்த நூர் உசேன் என்னும் இளைஞரின் நினைவும் இதிற் கலந்துள்ளது. மார்பில் எழுதிய எழுத்து உயிரீந்தாரது. தலையில் எழுதிய முகம், அடுப்பருகே உழைத்து மக்களை வளர்த்தாரது. முன்னையதனை ஆண்மையென உலகம் எளிதிற் போற்றும்; பின்னையதும் அதனோடொக்கும் என்பதே இவ்வாடலாற் பெறப்படுவது.

குறையும் உண்டு. டிம் யிப் அமைத்த அரங்கும், மழைபோல இறங்கும் துணிக்கீற்றுக்களும், ஒளியால் இயங்கும் ஓவியங்களும் கண்ணைக் கவர்வன. எனினும் அவை ஓங்குமிடத்து ஆடுவார் உடல் சிறுகுகின்றது. தந்தையின் நாவினின்று எழவேண்டிய சொல் சிலவும் காட்சியின் அழகில் அமிழ்ந்துவிடுகின்றன. ஒருவர் உடலே போதியதாயிருந்த இடத்து இத்துணை அணி வேண்டுவதன்று.

2012-இல் ஒலிவியர் பரிசு இதற்கு வழங்கப்பெற்றது. பரிசினும் பெரிது, இதனைக் கண்டு மீளும் மைந்தர் தம் தந்தையர் நடந்த நடையைத் தம் காலிற் கண்டுகொள்ளுதல். கண்டபின், அதனுட் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது எனத் தெரிதல் அவரவர் கடனாம்.