குடுவைக்குள் வாழும் கொசு

சிகாகோவுக்கு வடமேற்கே இருக்கும் வோலோ சதுப்பு ஒரு காலத்தில் ஏரி. பின்வாங்கிய பனியாறு விட்டுச்சென்ற பெரும் பனிக்கட்டி மண்ணில் புதைந்து உருகியதால் உண்டான பள்ளம் அது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கரையோரங்களிலிருந்து செடிகள் அதை மூடத் தொடங்கின; நடுவில் மட்டும் இன்னும் நீர் தெரிகிறது. 1958-இல் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் திரட்டிக் கொடுத்த பணத்தில்தான் இந்த இடம் காப்பாற்றப்பட்டது.

மிதவைப் பலகைப் பாதையில் கால் வைத்தால் பலகை மெல்லத் தாழ்ந்து எழும். இருபுறமும் படர்ந்திருப்பது தரையல்ல, நீர்மேல் மிதக்கும் ஸ்பேக்னம் பாசி. அதன் இலையில் உயிருள்ள மெல்லிய பச்சை செல்களுக்கு இடையே, இறந்து வெறுமையான பெரிய செல்கள் இருக்கின்றன. நீரைச் சேமிப்பவை அந்த இறந்த செல்களே! நீரிலுள்ள தாதுக்களை ஈர்த்துக்கொண்டு பாசி அமிலத்தை விடுகிறது. அதனால் அங்கே எதுவும் எளிதில் மட்குவதில்லை. செடிகளுக்குத் தழைச்சத்தும் கிடைப்பதில்லை.

அந்தப் பஞ்சத்தில்தான் குடுவைச்செடி வளர்கிறது. செந்நரம்பு ஓடிய இலைக்குடுவைகள் பாசிக்குள் பாதி அமிழ்ந்து, மழைநீரை ஏந்தி நிற்கின்றன. வாயருகே உள்ள ரோமங்கள் எல்லாம் கீழ்நோக்கியே சாய்ந்திருக்கும். இறங்கும் பூச்சிக்கு வழி உண்டு, ஏறுவதற்கு இல்லை. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதோடு வியந்து நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கோ நயம் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. மற்றவற்றைக் கொல்லும் அதே நீரில்தான் ஒருவகைக் கொசுவின் புழுக்கள் வளர்கின்றன. அவை வளர்வது இச்செடியின் குடுவையில் மட்டுமே. விழுந்த பூச்சியை இன்னொரு சிற்றீயின் புழுக்கள் கடித்துச் சிதைக்க, அதில் பெருகும் நுண்ணுயிர்களைக் கொசுப்புழுக்கள் தின்கின்றன. மிஞ்சிய சத்து செடிக்குப் போகிறது. குளிர்காலத்தில் குடுவை நீர் உறைந்துபோகும். புழுக்கள் அந்தப் பனிக்குள்ளேயே அடங்கியிருந்து, இளகியதும் நெளிகின்றன. வடக்கே வாழும் இந்தக் கொசுக்கள் யாரையும் கடிப்பதும் இல்லை.

பூவுக்கோ குடுவைகளோடு ஒட்டே இல்லை. நீண்ட காம்பின் உச்சியில், அவற்றுக்கு மேலே எட்ட நின்று தலைகவிழ்ந்திருக்கும். உள்ளே சூல்தண்டு கவிழ்த்த குடையாக விரிந்து, உதிரும் மகரந்தத்தை ஏந்துகிறது. சூல்முடிகள் அக்குடையின் ஐந்து நுனிகளில் இருக்கின்றன. தேனீ நுனியை உரசியபடி நுழைந்து பிற பூவின் மகரந்தத்தை அங்கே விட்டுவிடும். திரும்பும்போது தொங்கும் இதழை முட்டித் தள்ளிக்கொண்டு வேறு பக்கமாக வெளியேறும். ஒரு பூவின் தூள் அதன் சூல்முடியிலேயே படாதிருக்க, நுழைய ஒரு வாசல், போக ஒரு வாசல்.