ஆய்விதழும் அவையும்

நூலொன்று வெளிப்போதருங்கால், ஆக்கியோன் பெயர், வழி, நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலாயின அதன் பாயிரத்துட் கூறப்படல் வேண்டுமென்பது தமிழிலக்கண நூலார் துணிபு. காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் உடன்கூட்டி உரைப்பாரும் உளர். இவற்றுள் வழி என்பது அந்நூல் எதனினின்று தோன்றிற்றென்பதையும், களம் என்பது அஃது எவ்வவையத்து அரங்கேறிற்றென்பதையும் உணர்த்தும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அரங்கேறிற்றென்பது பனம்பாரனார் பாயிரத்தாற் பெறப்படும். அந்நூற்குப் பெருமை அரசன் வீற்றிருந்தமையான் வந்ததன்று. அதங்கோட்டாசான் கேட்டு ஆராய்ந்தமையான் வந்ததேயாம்.

இக்காலத்து அவ்வவையின் இடத்தில் நிற்பது ஆய்விதழ். துறைவல்லார் இருவர் மூவர் கட்டுரையைப் படித்துக் குற்றங்காட்டித் திருத்திய பின்னரே அஃது அச்சேறும் என்பது அவ்விதழ் கற்போர்க்குத் தரும் உறுதிமொழி. அவ்வுறுதிமொழி இன்று பலவிடத்துஞ் சொல்லளவாய் ஒழிந்தது. கட்டணம் பெற்றுக்கொண்டு, ஒருவரும் படியாத கட்டுரையைச் சின்னாளில் ஏற்று வெளியிடும் போலி இதழ்கள் பெருகின. அமெரிக்க நூலகர் ஜெப்ரி பீல் என்பார் 2010-ஆம் ஆண்டில் இவற்றிற்கு ‘வேட்டையாடும் இதழ்கள்’ என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டார். 2013-இல் ஜான் போஹானன் என்பார், வேண்டுமென்றே பிழைகள் மலியப் புனைந்த மருந்தாய்வுக் கட்டுரையொன்றைச் சிறுசிறு வேறுபாடுகளுடன் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதனை ஏற்றன. மறுத்தன 98 மட்டுமே. அங்ஙனம் ஆராயப்பட்ட இதழ்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இந்தியாவைச் சார்ந்தன என்பது இந்நாட்டு அறிஞர் நாணத்தக்கதொரு செய்தி.

இதற்குக் காரணம் ஆசிரியர் மாணாக்கரின் பேராசை ஒன்றேயோ எனின், அற்றன்று. முனைவர் பட்டத்திற்கு ஆய்வேடு அளிக்குமுன் கட்டுரையொன்று இதழில் வெளிவந்திருத்தல் வேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழு விதித்திருந்தது; 2022-ஆம் ஆண்டு விதிகளிலேதான் அக்கட்டாயம் நீங்கிற்று. ஆசிரியரின் பதவியுயர்வும் கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. எண்ணிக்கை அளவையாயின் எண்ணிக்கையே விளையும். மானியக் குழு 2017-இல் ஓர் இதழ்ப் பட்டியலை வெளியிட்டது. பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் அதிற் புகுந்தவற்றுள் நூற்றுக்கு எண்பத்தெட்டுக்கு மேற்பட்டவை தரங்குறைந்தனவாகலாமெனக் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் 2018-இல் வந்த ஆராய்ச்சி காட்டிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் 4,305 இதழ்கள் பட்டியலினின்று நீக்கப்பட்டன. பரிந்துரைத்தவை பல்கலைக்கழகங்களே என்பது ஈண்டு மறக்கற்பாலதன்று.

போலி இதழ்கள் முகப்பிற் பொறித்துப் பெருமை பேசும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் பற்றியும் ஒருசிறிது கூறல் வேண்டும். அது தொடர்வெளியீடொன்றைப் பிறிதொன்றினின்று பிரித்தறிய இடும் எண்ணேயன்றித் தரத்திற்குச் சான்றன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வார்க்கப்படும் கட்டடக் கம்பியின்மேல் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரை, அக்கம்பி சோதிக்கப்பட்டமையைக் குறிக்கும். இதழின் எண்ணோ வீட்டின் கதவெண் போல்வது. உள்ளிருப்பார் யாரென அது கூறாது.

தரமுடைய இதழ்களில் வெளியிடுவோரும் எண்ணிக்கை மயக்கத்திற்கு விலக்கானவரல்லர். திருவள்ளூர் மாவட்டத்து வேலப்பன்சாவடியிலுள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரியைப் பற்றி 2023 ஜூன் மாதத்தில் ‘சயன்ஸ்’ இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. அங்கு இளநிலை மாணாக்கர் தேர்வு போன்ற அமர்வுகளிற் கட்டுரை எழுதுகின்றனர் என்றும், அவற்றில் அக்கல்லூரியாரின் முற்கட்டுரைகள் மிகுதியும் மேற்கோளாகச் சேர்க்கப்பட்டன என்றும், அதனால் கல்லூரியின் தரவரிசை உயர்ந்திருத்தல் கூடுமென்றும் அஃது எழுதிற்று. மாணாக்கர் எழுதுதல் குற்றமன்று. தம்மவர் நூலை வேண்டுமிடத்து எடுத்தாளுதலும் குற்றமன்று. பொருட்டொடர்பின்றி எண்ணிக்கைக்காக மேற்கோள் அடுக்கப்படுமாயின், வழி என்பதே பொருளிழந்துவிடும்.

இவையெல்லாம் கற்றார்க்குள் நிகழும் சிறு பூசல்கள், இவற்றால் உலகிற்கு வருங் கேடு யாது என்று வினவுவார் உளர். அளவைகளைக் காட்சி, கருதல், உரை என வகுத்த சைவ நூலார், உரையளவைக்குச் சொல்வான் மெய்ம்மையையே நிலைக்களனாக்கினர். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளைச் சூழ்ந்த ஊர்களில் நிலத்தடி நீரிற் கரைந்துள்ள உலோகத்தைக் கண்ணாற் காண்டல் இயலாது. ஊரார்க்குக் கிடைப்பது ஆராய்ந்தவர் உரையே. கிணற்று நீரைத் தொடாதெழுதிய அட்டவணை ஒன்று அச்சேறுமாயின் அவ்வுரையை நம்பிக் குடிப்பவர் கெடுவர். வழக்குமன்றம் செல்பவரும் தோற்பர்.

சித்தாந்த ஆராய்ச்சியும் இக்குற்றத்தினின்று முற்றும் நீங்கியதன்று. சிவஞான முனிவர் மாபாடியத்துள் நிறுவிய முடிபைச் சொல் மாற்றித் தம்முடையதாக எழுதுவார் உளர். 2018-ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள் ஒப்புமையை நூற்றுக்குப் பத்து, நாற்பது, அறுபது என எல்லையிட்டுத் தண்டம் வகுக்கின்றன. சொல்லொப்புமையைப் பொறி காணும். கருத்தைக் கவர்ந்து சொல்லை மாற்றினாரை அது காணாது. அவரைக் காண்பதற்கு மாபாடியம் ஓதினார் ஒருவர் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் சித்தியார் பரபக்கத்துள் பதினான்கு மதத்தார் கொள்கையையும் முன்னர் நிறுத்திப் பின்னரே மறுத்தனர். மறுக்கப்படுவான் கருத்தையும் அவனுடையதாகவே காட்டுதல் அவர்தம் நெறி. அம்மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905-இல் வெளிப்பட்ட இராசேந்திர சோழன் செப்பேடுகளும், வாசகம் யாத்தவன் பெயரையும் ஏட்டில் வெட்டினார் பெயரையும் விடாது குறிக்கின்றன. எழுத்து வெட்டினானுக்குத் தந்த இடத்தைக் கருத்துத் தந்தானுக்கு மறுப்பது எம்முறையோ!

2019-இல் ‘கேர்’ என்னும் பெயரால் தோன்றிய புதுப் பட்டியலையும் மானியக் குழு 2025 பெப்ரவரியிற் கைவிட்டது. இதழ்களின் தகுதியைக் கல்வி நிலையங்களே ஆராய்ந்து கொள்க என்றது. பட்டியலில் உளது என்று கூறி ஒதுங்குதல் இனி எந்தத் துறைத் தலைவர்க்கும் இயலாது. கட்டுரையைப் படித்தார் எத்துறையார், எத்தனை நாள் படித்தார், இதுகாறும் மறுக்கப்பட்டன எத்தனை, பணம் எந்நிலையிற் பெறப்படுகின்றது, பிழை வெளிப்பட்டவிடத்து இதழ் தானே அறிவித்துக் கட்டுரையை மீட்டுக்கொண்டதுண்டா என்பனவற்றை, கட்டுரை அனுப்புமுன் அவர் கேட்டறிதல் வேண்டும். விடையிறுக்க மறுக்கும் இதழிற்குக் களமென்னும் பெயர் பொருந்தாது.