கூட்டாளியை உட்காரவைக்கும் 'தனி'

கொங்கு நாட்டுக் கல்யாண மண்டபங்களில் முதல் நாள் ராத்திரி ஜமுக்காளம் விரிந்தால் ரம்மிதான் ராஜா. மதுக்கரை தாண்டி வாளையாறு பக்கம் போகப்போக, நாலு பேர் தோதாக அமைந்தால் கேரளத்தின் இருபத்தெட்டும் களமிறங்கும். ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டு. எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நாலு இனத்துக்கும் கூட்டினால் 28. முதல் நாலு சீட்டை மட்டும் பார்த்து ஏலம் கேட்க வேண்டும், துருப்பைக் கவிழ்த்துவைக்க வேண்டும். கூட்டாளி கையில் என்ன இருக்கும் என்று அவர் போடும் சீட்டை வைத்தே ஊகிப்பதில்தான் ருசி.

அந்த ருசியையே ஒதுக்கிவைக்கும் உரிமை ஒன்றும் இதில் உண்டு: 'தனி'. எட்டுச் சீட்டும் வந்தபின் கை அமோகமாக இருந்தால் தனி கேட்கலாம். துருப்பு கிடையாது. கேட்டவரே முதலில் இறக்குவார். கூட்டாளி சீட்டைக் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். எட்டுப் பிடியில் ஒன்று நழுவினாலும் தோல்விதான். இலங்கைத் தமிழர் ஆடும் 304-இலும் 'பார்ட்னர் க்ளோஸ்' என்று இதன் பங்காளி இருக்கிறது.

நாலு ஜாக்கியும் நாலு ஒன்பதும் வந்த கைக்குத் தனி கேட்பதில் திறமை ஏதுமில்லை. சின்னப் பையனும் ஜெயிப்பான்.

சுவாரசியம் ஒரு சீட்டு குறையும்போதுதான். இஸ்பேடில் ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து, ஆட்டினில் ஜாக்கி, ஒன்பது, கிளாவரில் ஜாக்கி, டைமனில் வெறும் ஒன்பது. ஏழு பிடி நிச்சயம். எட்டாவதற்கு டைமன் ஜாக்கி எங்கே என்று தெரிய வேண்டும். கண்ணில் படாத 24 சீட்டில் எட்டு, கவிழ்ந்து கிடக்கும் கூட்டாளியுடையவை. ஆக, மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பை அவர் தூங்கிக்கொண்டே தருகிறார்!

மீதி வாய்ப்பு எதிரணியின் தடுமாற்றத்தில் இருக்கிறது. கிளாவர் ஜாக்கி ஏழாவதாக விழும்போது, எதிராளி ஒருவர் கையில் ஆட்டின் ஆஸும் டைமன் ஜாக்கியும் மிஞ்சியிருந்தால் எதை விடுவார்? ஒருவர் ஆட்டினைக் காக்க, மற்றவர் டைமனைக் காக்க, வாய் திறக்காமல் இருவரும் முன்பே பிரித்துக்கொண்டிருக்க வேண்டும். தனி கேட்ட ஆட்டத்தில் கூட்டு ஆட்டம் முழுக்க எதிரணிக்குப் போய்விடுகிறது. தனியின் மிகப்பெரிய பலம் இதுதான். கேட்டவர் பக்கம் பார்த்தால் பெரிய குறையும் இதுதான்.

அமெரிக்காவின் யூக்கர் ஆட்டத்தில் தனியாக ஐந்து பிடியும் எடுத்தால் 4 புள்ளி. மூன்றோ நாலோ எடுத்தாலும் 1 உண்டு. அதனால் அரைகுறைக் கையோடும் துணிகிறார்கள். இங்கே எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்பதால் கை நிரம்பினால்தான் வாய் திறக்கிறார்கள். யூக்கர் வழி கொஞ்சம் தாராளம்தான். ஆனால் அதை இங்கே கொண்டுவந்தால் ஆட்டத்துக்கு ஆட்டம் தனி கேட்பார்கள், கூட்டாளிக்கு டீயே சலித்துப்போகும். ஏலத்துக்கும் மறைந்த துருப்புக்கும் வேலையே இருக்காது. கண்டிப்பான விதியே தேவலை.