எதிராளிக்குப் பிடித்த வக்கீல்

உங்கள் மேல் ஒரு கேஸ் நடக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலை மாற்றப் போகிறார்கள் என்று சேதி வருகிறது. என்ன செய்வீர்கள்? ‘விட்டது தொல்லை’ என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பீர்கள். அதற்காக டெல்லிக்கு ஓடிப்போய், ‘ஐயா, எனக்கு எதிராக வாதாட இவர்தான் வேணும், தயவுசெய்து மாத்தாதீங்க’ என்று சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போடுவீர்களா?

2013-ல் போட்டார்கள். மனுப் போட்டவர்கள் ஜெயலலிதா, சசிகலா, சுதாகரன், இளவரசி. அவர்கள் கேட்ட வக்கீல் ஜி.பவானி சிங், சொத்துக் குவிப்பு வழக்கின் அரசுத் தரப்பு சிறப்பு வழக்கறிஞர். அதாவது, இந்த நான்கு பேரையும் ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்று வாதாட வேண்டியவர். மனுவில் ஜெயித்தும் விட்டார்கள்.

இந்தியாவில் எத்தனையோ சர்ச்சைக்குரிய அரசு வழக்கறிஞர்கள் உண்டு. மும்பையின் உஜ்வல் நிகம், கசாப் ஜெயிலில் பிரியாணி கேட்டான் என்று சொல்லிவிட்டு, அது நான் கட்டிவிட்ட கதை என்று 2015-ல் அவரே ஒப்புக்கொண்டார். 2024-ல் பி.ஜே.பி. வேட்பாளராக நின்று தோற்றார். 2025-ல் ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்டார். ஆனால், அவர் மேல் உள்ள புகாரெல்லாம் அளவுக்கு மீறிப் பேசுகிறார் என்பதுதான். பவானி சிங் மேல் இருந்த புகார் நேர் எதிரானது. பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை என்பது. இரண்டில் ஆபத்தானது எது என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். கூடுதலாகப் பேசுகிறவரை ஜட்ஜ் அடக்கி உட்கார வைக்கலாம். பேசாதவருக்காக ஜட்ஜே எழுந்து பேச முடியாதே!

கொஞ்சம் பழைய கதையைப் பார்த்துவிடலாம். கேஸ் பதிவானது 1996 செப்டம்பரில். வருமானத்துக்கு மேல் 66 கோடியே 65 லட்சம் ரூபாய் சேர்த்தார் என்பது குற்றச்சாட்டு. சென்னையில் விசாரணை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2001-ல் ஆட்சி மாறியது. குற்றம் சாட்டப்பட்டவரே முதலமைச்சர் ஆனார். அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டுப் போன 76 பேரை மறுபடி கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அதில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். ‘பிறழ் சாட்சி’ என்று அறிவிக்கச் சொல்லி அரசு வழக்கறிஞர் குதித்திருக்க வேண்டாமா? குதிக்கவில்லை. இதையெல்லாம் எடுத்துக்காட்டித்தான் பேராசிரியர் க.அன்பழகன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2003 நவம்பரில் கேஸ் பெங்களூருக்கு மாறியது. கர்நாடக அரசு, அந்த மாநில உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து பேசி வக்கீலை நியமிக்க வேண்டும் என்பது உத்தரவு.

கவனியுங்கள். கேஸ் மாநிலம் விட்டு மாநிலம் போனதற்கு முக்கியமான காரணமே, குற்றம் சாட்டப்பட்டவரின் அரசு வைத்த வக்கீலை நம்ப முடியாது என்பதுதான். இதை ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பெங்களூரில் பி.வி.ஆச்சார்யா வந்தார். கறாரான மனிதர். அவர் கர்நாடகத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் ஆனபோது, இரண்டு பதவி கூடாது, ஒன்றை விடு என்று நெருக்கினார்கள். பெரிய பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தக் கேஸை வைத்துக்கொண்டார். அப்படியும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நெருக்கடிகளைக் காரணம் காட்டி 2012 ஆகஸ்டில் விலகினார்.

அந்தக் காலி நாற்காலிக்குத்தான் 2013 பிப்ரவரியில் பவானி சிங் வந்தார். கர்நாடக அரசு அனுப்பிய நான்கு பெயர்களில் அவர் பெயர் கிடையாது. பொறுப்புத் தலைமை நீதிபதி தானாக அவர் பெயரைச் சொன்னார். சில மாதங்களில் அங்கே பி.ஜே.பி. போய் காங்கிரஸ் வந்தது. அன்பழகன் தரப்பு புகார் மேல் புகார் அடுக்கியது. ஆகஸ்டில் புதிய அரசு பவானி சிங்கை நீக்கியது. அப்போதுதான், முதலில் சொன்னேனே, அந்த மனு.

சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? நீக்கிய உத்தரவு உள்நோக்கம் கொண்டது, செல்லாது. 2013 செப்டம்பர் 30-ல் பவானி சிங் மறுபடி வந்து உட்கார்ந்தார். சட்டப்படி சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞரையும் சட்டை மாதிரி மாற்றுவது நல்ல பழக்கம் இல்லை. அமெரிக்காவில்கூட 2006-ல் புஷ் அரசு ஃபெடரல் வழக்கறிஞர்கள் சிலரைத் திடீரென வீட்டுக்கு அனுப்பி, அது பெரிய விவகாரமாகி, அடுத்த வருஷம் அட்டர்னி ஜெனரல் கோன்சாலஸே ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. அரசு வழக்கறிஞருக்குப் பாதுகாப்பு வேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால், அந்தப் பாதுகாப்பை வாங்கிக் கொடுக்க ஓடி வருவது யார் என்று பார்த்தால்தான் இடிக்கிறது.

பி.காம். படித்தவர்களுக்குக் கிங்ஸ்டன் காட்டன் மில் கேஸ் மறக்காது. 1896-ல் இங்கிலாந்தில் நடந்தது. மில்லில் இருக்கும் சரக்கை வருஷா வருஷம் ஏற்றி ஏற்றி எழுதிக் கொடுத்தார் மேனேஜர். ஆடிட்டர்கள் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்று கோர்ட் அவர்களை விட்டுவிட்டது. போகட்டும். ஆனால், காவல் நாய் குறைந்தபட்சம் குரைக்க வேண்டும் அல்லவா? நம் திருப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பங்காளிகளுக்குள் கணக்குத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். பணத்தை எடுத்ததாகச் சொல்லப்படும் பங்காளியே, ‘இந்த ஆடிட்டரே இருக்கட்டுங்க, ரொம்ப நல்ல மனுசன்’ என்று ஒற்றைக் காலில் நின்றால், மற்ற பங்காளிகளுக்கு ராத்திரி தூக்கம் வருமா? அந்த ஆடிட்டர் உத்தமராகவே இருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்துக்கு அன்றோடு மதிப்புப் போய்விடும்.

இனி அவர் வேலையைப் பார்ப்போம். 2014 மார்ச்சில் இறுதி வாதம். பவானி சிங் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார். நீதிபதி மைக்கேல் டி.குன்ஹா விடவில்லை, அவருடைய ஊதியத்திலிருந்து அபராதம் போட்டார். குற்றவாளிகள் இழுத்தடிப்பார்கள், ஜட்ஜ் கோபிப்பார். அது நமக்குப் பழகிய காட்சி. அரசுத் தரப்பு வக்கீலுக்கே அபராதம் என்பது புதுசு.

ஆனால், இந்த இடத்தில் பவானி சிங் பக்கம் இருக்கிற ஒரு பெரிய வாதத்தைச் சொல்லாமல் போனால் அது அநியாயம். 2014 செப்டம்பர் 27-ல் குன்ஹா தீர்ப்பளித்தார். ஜெயலலிதாவுக்கு நான்கு வருஷம் ஜெயில், 100 கோடி ரூபாய் அபராதம். பதவியில் இருக்கும்போதே ஊழல் வழக்கில் தண்டனை பெற்று நாற்காலியை இழந்த முதல் முதலமைச்சர். அந்தத் தீர்ப்பு வந்தபோது அரசுத் தரப்பு வக்கீல் யார்? இதே பவானி சிங்! ‘நான் விலை போயிருந்தால் தண்டனை எப்படிக் கிடைத்திருக்கும்?’ என்று அவர் கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. அவர் கை நீட்டினார் என்று யாரும் நிரூபித்ததில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை.

என் பதில் வேறு. அந்தத் தண்டனை ஆவணங்களால் கிடைத்தது. 1996-லிருந்து அதிகாரிகள் சேர்த்து வைத்த பத்திரங்களும் பேங்க் கணக்குகளும் பேசின. அதை வரி வரியாகப் படிக்கிற ஒரு ஜட்ஜ் வாய்த்தார். வக்கீல் எப்படிப்பட்டவர் என்பதைத் தீர்ப்பை வைத்து அளக்கக் கூடாது. தோற்ற கேஸில் உயிரைக் கொடுத்து வாதாடியவர்களும் உண்டு. ஜெயித்த கேஸில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னாரா? அதுதான் அளவுகோல்.

அந்த அளவுகோலோடு பத்தே நாள் தள்ளிப் பாருங்கள். அக்டோபர் 7. கர்நாடக உயர்நீதிமன்றத்தில் ஜாமீன் மனு. எழுத்து மூலமாக எதிர்ப்புத் தெரிவித்திருந்த பவானி சிங், கோர்ட்டில் எழுந்து, நிபந்தனையோடு ஜாமீன் கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை என்றார். ஜாமீன் கிடைத்துவிட்டது என்றே டி.வி.க்களில் சேதி ஓடியது. தமிழ்நாட்டில் வெடி வெடித்தார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நீதிபதி சந்திரசேகரா மனுவைத் தள்ளுபடி செய்தார். அரசுத் தரப்பு வக்கீலே ஒத்துக்கொண்டதை ஜட்ஜ் மறுக்கிறார்! பத்து நாள் கழித்து சுப்ரீம் கோர்ட் ஜாமீன் கொடுத்தது என்பது வேறு விஷயம். ஜாமீன் கேட்பது ஒருவரின் உரிமை. நான் கேட்பது, காகிதத்தில் இருந்த எதிர்ப்பு வாய்க்கு வருவதற்குள் எங்கே காணாமல் போனது என்பதைத்தான்.

அன்று அவர் யாருக்காக ஆஜரானார்? இங்கேதான் அந்த மூலையில் குறித்து வைத்ததை எடுக்க வேண்டும். தண்டனை வந்த சூட்டோடு, தமிழ்நாடு அரசு அவரை லஞ்ச ஒழிப்புத் துறைக்காக அப்பீலில் ஆஜராகச் சொல்லிவிட்டது. ஜெயலலிதாவின் கட்சியே நடத்திய அரசு அது. எந்த அரசின் வக்கீலை நம்ப முடியாது என்று 2003-ல் கேஸ் மாநிலம் கடந்ததோ, அதே அரசு 2014-ல் வக்கீலை நியமித்தது. அவரும் ‘எனக்கு இந்த அதிகாரம் உண்டா’ என்று கர்நாடகத்தைக் கேட்காமல் போய் நின்றார். என்னைப் பொறுத்தவரை பவானி சிங்கின் தொழில் வாழ்க்கையில் பெரிய கறை இதுதான்.

அன்பழகன் மறுபடி சுப்ரீம் கோர்ட் போனார். இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு 2015 ஏப்ரல் 27-ல் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள்: தமிழ்நாட்டுக்கு அந்த அதிகாரம் கிடையாது, நியமனம் செல்லாது. நல்லது. அப்படியானால் வாதத்தை மறுபடி கேட்க வேண்டாமா? வேண்டாமாம்! கர்நாடகமும் அன்பழகனும் ஒரே நாளில் எழுத்து மூலம் வாதத்தைக் கொடுத்தால் போதுமாம். பதினெட்டு வருஷத்துக் கேஸுக்கு ஒரு நாள். ஆச்சார்யாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பதினெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். வாய் திறந்து வாதாட வாய்ப்பில்லை.

மே 11-ல் நீதிபதி குமாரசாமி எல்லோரையும் விடுதலை செய்தார். தீர்ப்பில் கடன்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பத்துக் கடன்கள். கூட்டுத்தொகை 24 கோடியே 17 லட்சம் என்று போட்டிருந்தது. கால்குலேட்டரை எடுத்துக் கூட்டினால் 10 கோடியே 67 லட்சம்தான் வருகிறது. பதின்மூன்றரைக் கோடி வித்தியாசம்! அந்தக் கூட்டலை வைத்துத்தான் வருமானத்துக்கு மேல் சேர்த்தது 8.12 சதவீதம், 10 சதவீதத்துக்குக் கீழே, ஆகவே விடுதலை என்று வந்தது. சரியாகக் கூட்டினால் 76 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இந்தக் கூட்டலைப் பவானி சிங் தலையில் கட்ட முடியாது. எழுதியவர் ஜட்ஜ். ஆனால், எழுந்து நின்று அந்தக் கணக்கை எண் எண்ணாகச் சொல்ல, உரிமையுள்ள ஒரு வக்கீல் அந்த அப்பீல் முழுக்க அரசுத் தரப்பில் இல்லவே இல்லை. பேசியவருக்கு உரிமை இல்லை. உரிமை இருந்தவருக்குப் பேச நேரம் இல்லை. கடைசியில் 2017 பிப்ரவரி 14-ல் சுப்ரீம் கோர்ட் குன்ஹாவின் தீர்ப்பை நிலைநிறுத்தியது. அதற்குள் ஜெயலலிதா காலமாகிவிட்டார். மற்ற மூவரும் ஜெயிலுக்குப் போனார்கள்.

‘பெரிய இடத்து விவகாரம், நமக்கென்னங்க?’ என்று கேட்பீர்கள். 2016 மார்ச் 13-ல், எங்கள் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம், பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். தலித் இளைஞர், இன்ஜினீயரிங் மாணவர். சாதி மாறிக் கல்யாணம் செய்ததுதான் குற்றம். மனைவி கௌசல்யா வெட்டுக் காயத்தோடு பிழைத்து, பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் அவருடைய அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் அப்பாவை விடுதலை செய்தது, மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அதை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. செத்துப்போன சங்கருக்கு வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. குடும்பம் வைக்கலாம், 2009-ல் அதற்குச் சட்டம் வந்தது. ஆனால் அந்த வக்கீல், அரசு வழக்கறிஞருக்கு உதவி செய்யலாம், அவ்வளவுதான். கேஸை நடத்துவது அரசு வழக்கறிஞர். சாட்சி பிறழ்ந்தால் குதிக்க வேண்டியவர் அவர். ஜாமீனுக்கு ஆட்சேபம் சொல்ல வேண்டியவர் அவர். பவானி சிங் விவகாரத்தில், தட்டிக் கேட்க ஓர் அன்பழகன் இருந்தார். பெரிய கட்சி, பெரிய வக்கீல்கள், விடாமல் டெல்லிக்குப் போய் வர வசதி. பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற ஒரு தாய்க்கு எந்த அன்பழகன் வருவார்?

பவானி சிங்கை மட்டும் திட்டிவிட்டு நகர்வது சுலபம். அவரை உட்கார வைத்த முறை அப்படியேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் 1986-லேயே போலீஸிலிருந்து பிரித்து அரசு வழக்கறிஞர்களுக்குத் தனி அமைப்பு வைத்தார்கள். நம் ஊரில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் வழக்குத் தொடர்வு இயக்ககத்தை மாநில உள்துறையின் கீழேதான் வைத்திருக்கிறது. போலீஸும் உள்துறை, வக்கீலும் உள்துறை. உள்துறையே ஆளுங்கட்சியின் கையில்.

அடுத்த முறை ‘அரசு சிறப்பு வழக்கறிஞர் நியமனம்’ என்று பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வரும், பெட்டிக்குள் நான்கு வரி. புரட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். நியமித்தது யார் என்று பாருங்கள். அந்தப் பெயரைப் படித்துவிட்டு எந்தத் தரப்பு சந்தோஷப்படுகிறது என்றும் பாருங்கள். அவருக்குச் சம்பளம் நம் வரிப்பணம். அவர் நம் வக்கீல்.