வெள்ளெழுத்தும் ரைபிள் குறிகளும்: ஒரு திறனாய்வு

தொலைநோக்கியோ மின் ஒளிப்புள்ளியோ இன்றி, துப்பாக்கிக் குழலின் மேலுள்ள இரண்டு உலோகப் பாகங்களை ஒரே கோட்டில் நிறுத்திக் குறிபார்க்கும் அமைப்பு இரும்புக் குறி எனப்படுகிறது. குழலின் முனையில் இருப்பது முன்குறி. சுடுபவரின் கண்ணுக்கு அருகில் இருப்பது பின்குறி. என்.சி.சி. முகாம்களிலும் ரைபிள் கிளப்புகளிலும் இவை ‘ஃபோர் சைட்’, ‘பேக் சைட்’ என்றே வழங்குகின்றன.

இரும்புக் குறியைப் பயில்பவர் முதலில் கேட்கும் பாடம், “முன்குறியைத் தெளிவாகப் பார், இலக்கு சற்று மங்கினால் பரவாயில்லை” என்பது. பாடம் சரியானதே. ஆனால் நினைத்த தொலைவுக்குத் தன் குவியத்தை மாற்றிக்கொள்ளும் இளங்கண்ணை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது அது. ஐம்பதைத் தாண்டியவரிடம் அதே பாடத்தைத் திரும்பச் சொல்லி, குண்டுகள் சிதறும்போது “கை நடுங்குகிறது”, “விசையைப் பிடுங்குகிறீர்கள்” என்று குறை கூறுவது வழக்கமாகிவிட்டது. பல ஆண்டுப் பயிற்சி உள்ளவர்கள் இதை நம்பி விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் குறை கையில் இல்லை, கண்ணுக்குப் பொருந்தாத குறியில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கண்ணில் நிகழும் மாற்றம்

அருகிலுள்ள பொருளைப் பார்க்கக் கண்ணின் வில்லை தடித்துக் கொள்கிறது. வயது ஏற ஏற வில்லை இறுகி, இந்தத் திறன் குறைகிறது. இதைத்தான் தமிழில் வெள்ளெழுத்து என்கிறோம். ஹாஃப்ஸ்டெட்டர் சூத்திரப்படி சராசரிக் குவியத் திறன் 40 வயதில் சுமார் 6.5 டயாப்டர், 50 வயதில் 3.5, 60 வயதில் 0.5 மட்டுமே. டயாப்டர் என்பது மீட்டரில் சொல்லப்படும் தொலைவின் தலைகீழ். ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளுக்கு 1 டயாப்டர், அரை மீட்டருக்கு 2 டயாப்டர், வெகுதொலைவுக்குப் பூச்சியம். கண்ணாடிக் கடையில் ‘பவர்’ என்று சொல்லப்படுவதும் இந்த அளவுதான்.

முன்குறி கண்ணிலிருந்து 90 செ.மீ. தொலைவில் இருந்தால் அதைத் தெளிவாகப் பார்க்க 1.1 டயாப்டர் வேண்டும். அறுபது வயதுக் கண்ணால் அது இயலாது. தூரப்பார்வைக்கு மட்டும் திருத்தப்பட்ட அந்தக் கண்ணின் மணி 3 மி.மீ. விரிந்திருப்பதாகக் கொண்டால், முன்குறியின் விளிம்பைச் சுற்றி ஏறக்குறைய 3 மி.மீ. அகல மங்கல் படரும். முன்குறித் தூண்கள் பல 2 மி.மீ. அகலம்கூட இருப்பதில்லை. அதாவது, தூணைவிட மங்கல் பெரிது. இந்நிலையில் “முன்குறியைத் தெளிவாகப் பார்” என்பது இயலாததைக் கேட்பதாகும்.

பள்ளக்குறியின் குறை

பின்குறிகள் இரு வகை. முன்குறியை ஒரு வெட்டுப் பள்ளத்தின் நடுவே நிறுத்துவது பள்ளக்குறி. கண்ணருகே உள்ள சிறு துளை வழியே பார்ப்பது துளைக்குறி. இரண்டின் வேறுபாட்டையும் காட்ட ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு லீ-என்ஃபீல்டு ரைபிள்கள் போதும்.

முதல் உலகப் போர்க் கால நம்பர் 1 மார்க் 3 ரைபிளில் பின்குறி, குண்டறைக்கு முன்னால் குழலின் மேல் அமைந்த பள்ளம். இரு குறிகளுக்கும் இடையே சுமார் 19 அங்குலம்தான். இரண்டாம் உலகப் போரில் பெருமளவில் உற்பத்தியான நம்பர் 4 ரைபிளிலோ பின்குறி துளையாக மாறி, கண்ணருகே உடற்பகுதியின் பின்முனைக்கு வந்தது. குறிகளின் இடைவெளி 28 அங்குலத்தைத் தாண்டியது. இந்தியாவில், மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர் தொழிற்சாலை நம்பர் 1 அமைப்பையே தொடர்ந்தது. 1960-களில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக உருவான அதன் 2ஏ, 2ஏ1 ரைபிள்களும் பள்ளக்குறியுடனேயே வந்தன. எனவே இந்தியக் காவல்துறையில் பல தலைமுறைகள் பழகியது பள்ளக்குறிதான்.

பள்ளக்குறி கண்ணிடம் மூன்று தொலைவுகளை ஒரே நேரத்தில் கேட்கிறது. பள்ளம் கண்ணிலிருந்து 40 செ.மீ. தொலைவில் இருந்தால் 2.5 டயாப்டர், முன்குறிக்கு 1.1, இலக்குக்குப் பூச்சியம். முன்குறிக்கும் இலக்குக்கும் நடுவில் கண்ணைக் குவித்து வைத்தாலும் பள்ளத்தின் மீது 2 மி.மீ.க்கு மேற்பட்ட மங்கல் விழுகிறது. குறுகிய பள்ளம் அந்த மங்கலில் அடைத்துக்கொண்டு, முன்குறியின் இருபுறமும் தெரிய வேண்டிய ஒளிக்கோடுகள் மறைந்துவிடும். இளங்கண் மூன்றுக்கும் இடையே விரைவாகத் தாவி இதைச் சமாளிக்கிறது. முதிய கண்ணுக்கு அந்தத் தாவல் இல்லை.

பள்ளக்குறியை விட முடியாதவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பள்ளத்தைச் சதுரமாகவும் அகலமாகவும் ஆக்குவது. மங்கல் படிந்த பிறகும் ஒளிக்கோடு எஞ்சும். மற்றொன்று, பள்ளத்தைக் கண்ணிலிருந்து தள்ளி முன்னே வைப்பது. 60 செ.மீ.க்குத் தள்ளினால் தேவை 1.7 டயாப்டராகக் குறையும். ஆனால் குறிகளின் இடைவெளி சுருங்குவதால், சிறு பிசகும் இலக்கில் பெரிதாக விழும். இரண்டாவது வழியை மட்டும் பரிந்துரைப்போர் இந்த விலையைச் சொல்வதில்லை.

துளைக்குறியின் பலமும் வரம்பும்

துளைக்குறியில் கண் துளையைப் பார்ப்பதில்லை, துளை வழியே பார்க்கிறது. முன்குறியின் நுனியைத் துளையின் நடுவில் வைப்பதைக் கண் தானாகவே செய்துகொள்ளும். மூன்று தொலைவுகளில் ஒன்று இவ்வாறு கழிகிறது. மேலும், கண்மணியைவிடச் சிறிய துளை, கண்மணியின் வேலையைத் தானே ஏற்று மங்கலைக் குறைக்கிறது. 3 மி.மீ. கண்மணிக்குப் பதில் 1.2 மி.மீ. துளை இருந்தால் மங்கல் ஐந்தில் இரண்டு பங்காகிவிடும். சிறிய சிலிண்டர் பவர் குறையும் இதில் ஓரளவு மறையும்.

இங்கே இரு மிகைகளைக் களைய வேண்டும். முதலாவது, எந்தத் துளையும் பார்வையைக் கூர்மையாக்கும் என்ற எண்ணம். கண்மணியைவிடப் பெரிய துளை அவ்வாறு செய்யாது. விரைவாகக் குறிபார்க்க அமைந்த பெரிய வளையங்கள் முதல் நன்மையை மட்டுமே தருகின்றன. இரண்டாவது, துளை சிறுக்கச் சிறுக்க நல்லது என்ற எண்ணம். ஏறக்குறைய 1 மி.மீ.க்குக் கீழே போனால் ஒளி விளிம்பில் வளைவதால் புதிய மங்கல் உண்டாகிறது. ஒளியளவும் சரிகிறது. 3 மி.மீ. திறப்பு 1.2 மி.மீ. ஆகும்போது கண்ணுக்குள் செல்லும் ஒளி ஆறில் ஒரு பங்குதான். வயதான கண்ணின் விழித்திரைக்கு ஏற்கெனவே ஒளி குறைவாகவே சேர்கிறது. ஆகவே மேகமூட்டத்திலும் மாலையிலும் துளையைச் சற்று விரிக்க வேண்டும். விரித்துச் சுருக்கும் ‘ஐரிஸ்’ துளை இதனால் ஆடம்பரம் அன்று. முதியவருக்கு அது முதல் தேவை.

கண்ணாடித் தேர்வு

முன்குறி முழுத் தெளிவாகத் தெரியட்டும் என்று 1.1 டயாப்டரும் கூட்டிய கண்ணாடியை அணிந்தால், 50 மீட்டரில் இலக்கின் மீது 16 செ.மீ. அகல மங்கல் படரும். அத்தொலைவுக்கான சர்வதேசப் போட்டி இலக்கின் கரும்பகுதியே 11.24 செ.மீ. விட்டம்தான். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் +2.00 வாசிப்புக் கண்ணாடியிலோ மங்கல் 30 செ.மீ. ஆகும். படிக்க உதவும் கண்ணாடி சுடுவதற்கு உதவாது.

நடுவழியே சிறந்தது. தூரப்பார்வைப் பவருடன் +0.50 மட்டும் கூட்டினால் கண் 2 மீட்டர் தொலைவில் குவிந்து, முன்குறியும் இலக்கும் மங்கலை ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். இலக்கில் மங்கல் சுமார் 7.5 செ.மீ., முன்குறியில் சுமார் 1.6 மி.மீ. இத்துடன் 1.2 மி.மீ. துளையும் சேர்ந்தால் அவை சுமார் 3 செ.மீ., 0.7 மி.மீ. எனக் குறைகின்றன. கண்ணாடியாலும் துளையாலும் தனித்தனியே முடியாதது இரண்டும் சேரும்போது முடிகிறது. இக்கட்டுரையில் ஒரே ஒரு பரிந்துரைக்கு இடமிருந்தால் அது இதுதான்.

பலர் அன்றாடம் அணியும் ‘ப்ரோகிரசிவ்’ கண்ணாடி இங்கே தடையாகிறது. கன்னத்தைக் கட்டையில் பதித்துக் குனியும்போது பார்வை, வில்லையின் மேல்விளிம்பில் மூக்கோரமாகச் செல்கிறது. தலையின் சிறு அசைவும் பவரை மாற்றிவிடும். சுடுவதற்கென ஒரே பவர் கொண்ட தனிக் கண்ணாடி வேண்டும். தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்த ரைபிளுடன், கிளப்பின் அனுமதியோடு, சுடும் நிலையில் அமர்ந்து, பார்வை வில்லையைக் கடக்கும் இடத்தில் சிறு ஒட்டுத்தாளால் அடையாளமிட்டுக் கண் பரிசோதகரிடம் காட்டினால் வில்லையின் நடுவை அங்கே அமைத்துத் தருவார். கண்ணிலிருந்து முன்குறி வரை உள்ள தொலைவையும் அளந்து சொல்ல வேண்டும். வில்லை உடையாத பாலிகார்பனேட்டாக இருப்பது பாதுகாப்பு.

முன்குறியின் அளவு

மெல்லிய முன்குறி நுட்பமானது என்ற நம்பிக்கையும் இளங்கண்ணுக்கே பொருந்தும். முதிய கண்ணுக்கு மெல்லிய தூண் மங்கலில் கரைகிறது. தட்டையான உச்சியும் பளபளப்பில்லாத கருமையும் கொண்ட சற்றுத் தடித்த தூணே ஏற்றது. பித்தளை மணி வைத்த முன்குறி அழகாகத் தெரியும். ஆனால் பக்கவெயிலில் அதன் ஒரு பக்கம் மட்டும் மின்னி, நடு எது என்று கண்ணை ஏமாற்றும்.

வளைய முன்குறிக்கும் இதே விதிதான். 10 மீட்டர் காற்று ரைபிள் இலக்கின் கரும்பகுதி 30.5 மி.மீ. கண்ணிலிருந்து 90 செ.மீ.யில் உள்ள வளையத்துக்குள் அது 2.7 மி.மீ. அளவில் தெரியும். 3 மி.மீ. வளையத்தில் வெண்ணிறச் சுற்று மறைந்துவிடும். 3.8 அல்லது 4 மி.மீ. வளையத்தில் வெள்ளை நன்றாக எஞ்சும். கரும்பகுதி வெள்ளையின் நடுவில் இருக்கிறதா என்பதை மங்கலான கண்ணும் எளிதில் உணரும்.

திருகைத் திருப்பும் முன்

குறியைத் திருத்துவதில் காணப்படும் பெரும்பிழை, சிதறலைத் திருகால் சரிசெய்ய முயல்வது. திருகு, குண்டுக் கூட்டத்தின் நடுவை நகர்த்தும். கூட்டத்தைச் சுருக்காது. கண்ணாடியும் துளையும் முன்குறியும் முடிவான பிறகு, ஒரே ஒளியில் ஐந்து குண்டுகள் வீதம் இரண்டு மூன்று கூட்டங்கள் சுட்டு, அவற்றின் நடுவைக் கண்டபின்தான் திருகைத் தொட வேண்டும்.

கணக்கு எளிது. பிசகை குறிகளின் இடைவெளியால் பெருக்கி, இலக்கின் தொலைவால் வகுக்க வேண்டும். 50 மீட்டரில் 5 செ.மீ. தாழ்வாக விழுகிறது, இடைவெளி 70 செ.மீ. என்றால் பின்குறியை 0.7 மி.மீ. உயர்த்த வேண்டும். குண்டு செல்ல வேண்டிய திசையிலேயே பின்குறியை நகர்த்துவதும், அதற்கு எதிர்த்திசையில் முன்குறியை நகர்த்துவதும் விதி. பள்ளத்திலிருந்து துளைக்கு மாறியவர் பழைய திருத்தக் கணக்கை மறந்துவிட வேண்டும். இடைவெளி கூடியிருப்பதால் அதே நகர்வு இப்போது குறைவாகவே பயன் தரும்.

குறியால் தீராதவை

மேற்சொன்னவை எல்லாம் வெள்ளெழுத்துக்கான மாற்றுவழிகள். கண்புரைக்கு இவற்றால் தீர்வு இல்லை. முன்குறியைச் சுற்றி ஒளிவட்டம், வெயிலில் கூச்சம், நிறம் வெளிறல் ஆகியவை இருந்தால் தேவை புதிய குறி அன்று, கண் மருத்துவர். நேரான தூண் வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிந்தால் அது விழித்திரை நோயின் அறிகுறியாக இருக்கலாம். தாமதிக்கக் கூடாது. மாதக்கணக்கில் திருகையே திருப்பிக்கொண்டிருப்பவர் இழப்பது புள்ளிகளை மட்டும் அல்ல, சிகிச்சைக்குரிய காலத்தையும்தான். கண்புரை அறுவைக்குப் பின் பொருத்தப்படும் சாதாரணச் செயற்கை வில்லைக்குக் குவியத்தை மாற்றும் திறன் கிடையாது. அவருக்கும் மேற்சொன்ன அரை டயாப்டர் வழியே பொருந்தும்.

இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் ஐயமின்றிக் காண முடியாதவர் சுடக் கூடாது. இது வயதுக்கு அப்பாற்பட்ட விதி. தொலைநோக்கிக் குறி எல்லாவற்றையும் ஒரே தளத்தில் காட்டுவதால், போட்டி விதி இடம் கொடுக்கும் இடங்களில் அதற்கு மாறுவது தோல்வி ஆகாது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கான சர்வீஸ் ரைபிள் போட்டிகளிலேயே 2016 முதல் 4.5 மடங்கு வரையான தொலைநோக்கிகள் அனுமதிக்கப்படுகின்றன.

மதிப்பீடு

ஸ்வீடன் நாட்டின் ஆஸ்கர் ஸ்வான் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 64 வயதில் தங்கமும், 1920 ஆன்ட்வெர்ப்பில் 72 வயதில் வெள்ளியும் ரைபிள் சுடுதலில் வென்றார். முதுமை இந்த விளையாட்டின் கதவை அடைப்பதில்லை என்பதற்கு அது சான்று. ஆனால் அவரைக் காட்டி, “மனம் வைத்தால் முடியும்” என்று மற்றவர்களுக்கு உபதேசிப்பது ஒளியியலை மறைப்பதாகும். கண்மணியின் அளவும் டயாப்டர் கணக்கும் மனவுறுதிக்குக் கட்டுப்படுவதில்லை.

குறிகளைப் பற்றிய நம் பயிற்சிப் பாடங்கள் இருபது வயதுப் பயிற்சியாளனுக்காக எழுதப்பட்டவை. நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கு அவற்றின் வரிசை மாற வேண்டும். முதலில் கண் பரிசோதனை, பிறகு கண்ணாடி, பிறகு துளை, பிறகு முன்குறி, கடைசியில்தான் திருகு. கையைக் குறை சொல்வது இவை அனைத்தும் முடிந்த பிறகு வர வேண்டியது.